தேநீர் ஊற்ற முடியாத கோப்பை

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவின் கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



உயர்தரத்தில் சித்திரத்தை ஒரு பாடமாக எடுத்த எங்கள் சிறு குழுவுக்கு இந்த அமர்வில் இருபது நிமிடங்கள் தந்திருக்கிறீர்கள். வாசிப்பது ஒருவர்தான். எழுதியது எல்லோரும் சேர்ந்து. ஆகவே இந்த உரையில் 'நாங்கள்' என்றே பேசுகிறோம்.

எங்கள் பொருள் ஒரு தேநீர்க் கோப்பை. அதனோடு ஒரு சோசரும் ஒரு கரண்டியும் உண்டு. மூன்றும் நியூயோர்க்கிலுள்ள நவீன கலை அரும்பொருளகத்தில் இருக்கின்றன. கோப்பையின் விட்டம் ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர். சோசர் 24 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. கரண்டி 20 சென்ரிமீற்றர் நீளம். எங்கள் வீட்டு அலுமாரிகளில் உள்ளவற்றைவிட அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரேயொரு வித்தியாசம், மூன்றும் உள்ளும் புறமும் விலங்கின் உரோமத்தால் மூடப்பட்டிருக்கின்றன. கசெல் என்ற சிறு மானின் பழுப்பு உரோமம் அது. அந்தக் கோப்பையை உதட்டில் வைப்பதாக ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். வாய் கூசுகிறதல்லவா? கை மட்டும் தொட்டுத் தடவிப் பார்க்க ஆசைப்படுகிறது. ஒரே பொருளைப் பற்றி வாய் ஒன்று சொல்கிறது, விரல் வேறொன்று சொல்கிறது. சிற்பத்தின் வேலை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

இதைச் செய்தவர் மெரெற் ஒப்பன்ஹைம். செய்த ஆண்டு 1936. அப்போது அவருக்கு வயது 22.

அது பிறந்த கதை பலரும் சொல்லும் கதை. பரிஸ் நகரிலுள்ள கஃபே டி ஃப்ளோர் என்ற கோப்பிக் கடையில் பிக்காசோவும் புகைப்படக் கலைஞர் டோரா மாரும் ஒப்பன்ஹைமும் ஒரு மேசையில் இருந்தார்கள். ஒப்பன்ஹைமின் கையில் உரோமம் போர்த்திய உலோகக் காப்பு ஒன்று. அப்படிப்பட்ட காப்புகளை அவர் எல்சா ஸ்கியாபரெல்லியின் ஆடை நிறுவனத்துக்கு வடிவமைத்துக் கொண்டிருந்தார். பொழுதுபோக்காக அல்ல. அவருடைய தந்தை ஜேர்மனியில் யூத வைத்தியராக இருந்தவர். நாற்சிகளின் ஆட்சியில் தொழிலை இழந்து சுவிற்சர்லாந்துக்கு வந்தபின் மகளுக்குப் பணம் அனுப்ப அவரால் முடியவில்லை. காப்பைப் பார்த்த பிக்காசோ, எதைத்தான் உரோமத்தால் மூடமுடியாது என்று வேடிக்கையாகச் சொன்னாராம். இந்தக் கோப்பையையும் சோசரையும்கூட மூடலாமே என்றாராம் ஒப்பன்ஹைம். பேச்சு அத்தோடு முடிந்திருக்கலாம். அவரோ மொனோப்பிரி என்ற மலிவு அங்காடிக்குப் போய்க் கோப்பையும் சோசரும் கரண்டியும் வாங்கி வந்து அந்த வேலையைச் செய்து முடித்தார்.

இந்தச் சிற்பத்தைத் தனியே வைத்துப் பார்த்தால் ஒரு பெண்ணின் விளையாட்டாகத் தோன்றக்கூடும். அதன் பின்னால் இருந்த இயக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும்.

சர்ரியலிசம் என்பதை நாம் பாடத்தில் மீயதார்த்தவாதம் என்று படித்தோம். முதலாம் உலகப் போருக்குப் பிந்திய பரிசில் கவிஞர் அந்திரே பிரெத்தோன் 1924 இல் அதன் முதல் அறிக்கையை வெளியிட்டார். அறிவும் கணக்கும் ஒழுங்கும் சேர்ந்து அந்தப் பெரும் போரைக் கொண்டுவந்தன என்றால், கனவையும் தற்செயலையும் கேட்டுப் பார்ப்போம் என்பது அவர்களின் எண்ணம். கனவுகளை ஓவியமாக்கினார்கள். பின்னர் ஒருபடி மேலே போய், கனவில் வரும் பொருளையே கையால் தொடக்கூடியதாகச் செய்ய விரும்பினார்கள். அதற்குப் பளிங்கும் வெண்கலமும் தேவைப்படவில்லை. வீட்டிலும் கடையிலும் பழைய சாமான் சந்தையிலும் கிடைத்தவை போதுமாயிருந்தன.

இதற்கு வழி திறந்தவர் மார்செல் டுஷாம்ப். 1913 இல் ஒரு முக்காலியின்மேல் சைக்கிள் சக்கரம் ஒன்றைத் தலைகீழாகப் பொருத்தினார். 1914 இல் கடையொன்றில் போத்தல் காயவைக்கும் இரும்புத் தாங்கியை வாங்கி, அதை அப்படியே கலைப்பொருள் என்றார். அவர் அமெரிக்கா போனபின் அவருடைய சகோதரி அந்த அறையைத் துப்புரவு செய்தபோது இரண்டையும் குப்பை என்று எறிந்துவிட்டார். இந்த மண்டபத்தில் இருக்கும் எவரும் அதைத்தான் செய்திருப்போம். இன்று அரும்பொருளகங்களில் இருப்பவை பின்னர் செய்யப்பட்ட பிரதிகள்.

மான் ரே 1920 இல் ஒரு தையல் இயந்திரத்தைப் போர்வையால் மூடிக் கயிற்றால் கட்டிப் படம் எடுத்தார். அடுத்த ஆண்டு அயன் பெட்டியின் அடிப்பக்கத்தில் வரிசையாக ஆணிகளை ஒட்டி, அதற்கு 'பரிசு' என்று பெயர் வைத்தார். உடுப்பின் சுருக்கத்தை எடுக்கவேண்டிய பொருள் உடுப்பைக் கிழிக்கும் பொருளாகிவிட்டது. சல்வடோர் டாலி தொலைபேசியின் கைபிடியில் சாந்தினால் செய்த சிங்க இறாலைப் படுக்கவைத்தார். பிக்காசோ 1942 இல், ஜேர்மனியர் பரிசைப் பிடித்திருந்த காலத்தில், ஒரு பழைய சைக்கிளின் இருக்கையையும் கைபிடியையும் சேர்த்து எருதின் தலையைச் செய்தார். பார்ப்பவர் முதலில் எருதைக் காண்கிறார், பிறகு சைக்கிளைக் காண்கிறார், பிறகு ஒன்றை விட்டு மற்றதைக் காணமுடியாமல் நிற்கிறார்.

இவற்றில் செயற்படும் முறை மூன்று. முதலாவது தெரிவு. பழகிய பொருளை அதன் இடத்திலிருந்து எடுத்து வேறோர் இடத்தில் வைப்பது. இரண்டாவது சேர்க்கை. ஒன்றோடொன்று உறவில்லாத இரண்டைச் சேர்த்து மூன்றாவதை உண்டாக்குவது. மூன்றாவது பயனைப் பறிப்பது. ஆணி வைத்த அயன் பெட்டியால் அயன் பண்ணமுடியாது. உரோமக் கோப்பையில் தேநீர் குடிக்கமுடியாது. ஒரு பொருள் வேலை செய்வதை நிறுத்தும்போதுதான் நாம் அதைப் பார்க்கத் தொடங்குகிறோம். தினமும் பத்துத் தடவை கையில் எடுக்கும் கோப்பையின் வளைவை நம்மில் யார் பார்த்திருக்கிறோம்?

1936 மே மாதத்தில் பரிசில் சார்ள் ரத்தோன் என்பவரின் காட்சிக்கூடத்தில் மீயதார்த்தப் பொருள்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடந்தது. கண்ணாடி அலுமாரிகளுக்குள் ஓசியானிய முகமூடிகள், கனிமப் படிகங்கள், கணித மாதிரி உருக்கள், டுஷாம்பின் போத்தல் தாங்கி ஆகியவற்றோடு ஒப்பன்ஹைமின் கோப்பையும் இருந்தது. அதே ஆண்டில் அது லண்டனிலும், டிசெம்பரில் நியூயோர்க்கிலும் காட்டப்பட்டது. எங்கும் அதைப் பற்றியே பேச்சு.

இனி, பெண்கள் பாடசாலையின் மகளிராகிய நாம் கேட்கவேண்டிய கேள்விக்கு வருகிறோம். அயன் பெட்டி, தையல் இயந்திரம், கோப்பை, கரண்டி. இவை யாருடைய கையில் இருந்த பொருள்கள்? ஆண் கலைஞர்களுக்கு இவை கண்டெடுத்த பொருள்கள். பெண்களுக்கு இவை கண்டெடுக்க வேண்டியவையே அல்ல, விட்டு விலகமுடியாத பொருள்கள். ஒரு பெண் தேநீர்க் கோப்பையை எடுத்து அதில் தேநீர் ஊற்ற முடியாதபடி செய்கிறாள் என்றால் அதன் பொருள் வேறு. விருந்தினருக்கு நீட்டும் தட்டை அவள் நீட்டவில்லை.

அதே ஆண்டில் ஒப்பன்ஹைம் செய்த இன்னொரு சிற்பம் இதை இன்னும் தெளிவாகச் சொல்கிறது. ஒரு சோடி வெள்ளைக் குதிச்சப்பாத்துகளை மல்லாக்கக் கவிழ்த்து, முழுக்கோழியைப் பொரிக்க முன்னர் கட்டுவதுபோல நூலால் இறுக்கிக் கட்டி, குதிகளுக்குக் கடதாசிச் சுருக்குத் தொப்பி போட்டு, வெள்ளித் தட்டில் பரிமாறியிருக்கிறார். பெயர் 'என் செவிலி'. இன்று அது ஸ்ரொக்ஹோமில் இருக்கிறது. ஒழுங்காக நட, ஒழுங்காக உட்கார் என்று சொல்லி வளர்த்தவளின் சப்பாத்துகள் அவை. கட்டப்பட்டிருப்பது அவளா, அவள் வளர்த்த பிள்ளையா என்று சிற்பம் சொல்லவில்லை.

இந்தப் பெண்ணின் பள்ளிக்கூட நாள்களைப் பற்றியும் சொல்லவேண்டும். மெரெற் 1913 ஒக்ரோபரில் பேர்லினில் பிறந்தார். தாய் சுவிஸ் நாட்டவர். தாய்வழிப் பாட்டி லிசா வெங்கர் ஓவியம் பயின்றவர், சிறுவர் நூல்களை எழுதிப் படமும் வரைந்தவர். வீட்டில் கலைக்குக் குறைவில்லை. பள்ளிக்கூடம் மட்டும் பிடிக்கவில்லை. பதினாறு பதினேழு வயதில் தன் கணிதக் கொப்பியில் ஒரு சமன்பாடு எழுதினார். இடது பக்கத்தில் எக்ஸ், நடுவில் சமன் குறி, வலது பக்கத்தில் விடையாக ஒரு முயல். படிப்பை விட்டு ஓவியராக வேண்டும் என்பதைத் தந்தைக்கு அவர் உணர்த்திய விதம் அது. 1932 இல், பதினெட்டு வயதில், பரிசுக்குப் போனார். அந்தக் கொப்பிப் பக்கத்தைப் பின்னர் பிரெத்தோன் 1957 இல் ஒரு மீயதார்த்தச் சஞ்சிகையில் வெளியிட்டார்.

இங்கே இருக்கும் கணித ஆசிரியைகள் கோபிக்கவேண்டாம். முயல் சரியான விடை என்று நாங்கள் சொல்லவரவில்லை. ஆனால் அந்தக் கொப்பி ஒரு ரீச்சரின் கைக்கு வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறோம். சிவப்புப் பேனையால் ஒரு பிழைக்குறி. அதற்குமேல் ஒரு கேள்வி கேட்டிருக்கக்கூடிய ரீச்சர்மாரும் எங்களுக்கு வாய்த்தார்கள். அவர்களை இன்று நன்றியோடு நினைக்கிறோம்.

அந்த வெற்றிக்கு ஒப்பன்ஹைம் கொடுத்த விலை பெரியது. முதலாவதாக, கோப்பையின் பெயரே அவர் வைத்ததல்ல. அவருக்கு அது வெறும் 'பொருள்'. 'உரோமத்தில் மதிய உணவு' என்ற பெயரைச் சூட்டியவர் பிரெத்தோன். ஆடையுடுத்த ஆண்களோடு ஆடையில்லாத பெண் ஒருத்தி புல்வெளியில் அமர்ந்திருக்கும் மனேயின் புகழ்பெற்ற ஓவியத்தின் பெயரை நினைவூட்டும் தலைப்பு அது. அந்தப் பெயரோடு கோப்பைக்கு வேறோர் அர்த்தம் ஏறிக்கொண்டது. அந்த இயக்கத்து ஆண்கள் பெண்ணைக் கனவாகவும் தேவதையாகவும் கொண்டாடினார்கள். பக்கத்தில் இருந்து வேலை செய்யும் பெண்ணைச் சக கலைஞராக நடத்துவது அவர்களுக்கு அவ்வளவு எளிதாக வரவில்லை. மான் ரே 1933 இல் அச்சு இயந்திரத்தருகே எடுத்த ஒப்பன்ஹைமின் படங்கள் அவருடைய பல சிற்பங்களைவிட அதிகம் பேருக்குத் தெரியும்.

இரண்டாவதாக, இருபத்திரண்டு வயதில் செய்த ஒன்றையே திரும்பத் திரும்ப உலகம் கேட்டது. 1937 இல் அவர் பாசல் நகருக்குத் திரும்பினார். அதன்பின் ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் நீண்ட மனச்சோர்வு. தொடங்கியவற்றை முடிக்கவில்லை, முடித்தவை பலவற்றை அழித்தார். பிழைப்புக்காகப் பழைய ஓவியங்களைப் பழுதுபார்க்கும் தொழிலைப் பயின்றார். தன் கை ஓடாத காலத்தில் மற்றவர்களின் ஓவியங்களைச் சீராக்கிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளை நினைக்கும்போது, திருமணத்தோடும் இடப்பெயர்வோடும் அந்நிய நாட்டின் இரவு வேலையோடும் தூரிகையை வைத்துவிட்ட தோழிகள் எங்களுக்கு ஞாபகம் வருகிறார்கள். அவர்களிற் சிலர் இங்கேயும் இருக்கிறார்கள்.

1954 இல் பேர்ண் நகரில் ஒரு வேலைக்கூடம் எடுத்துக்கொண்டு ஒப்பன்ஹைம் மீண்டார். அப்போது அவருக்கு நாற்பது வயது கடந்திருந்தது. அதன்பின் முப்பது ஆண்டுகள் நிற்கவில்லை. 1967 இல் ஸ்ரொக்ஹோமில் அவருடைய படைப்புகளின் பெரிய கண்காட்சி நடந்தது. 1975 ஜனவரியில் பாசல் நகரின் கலைப் பரிசை ஏற்று உரையாற்றியபோது, சுதந்திரத்தை ஒருவரும் தரமாட்டார்கள், நாமேதான் எடுத்துக்கொள்ளவேண்டும் என்ற கருத்தைச் சொன்னார். அவர் அதைச் சொன்ன நாட்டில் பெண்களுக்குக் கூட்டாட்சி மட்டத்தில் வாக்குரிமை கிடைத்தது 1971 இல். இலங்கையில் நமது பாட்டிமாருக்கு 1931 இல் கிடைத்த உரிமை, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகே சுவிஸ் பெண்களுக்குக் கிடைத்தது. ஆகவே அந்த வார்த்தை மேடை அலங்காரம் அல்ல.

1983 இல் பேர்ண் நகரின் வைசன்ஹவுஸ் சதுக்கத்தில் அவர் வடிவமைத்த நீரூற்று எழுந்தது. உயரமான கொங்கிரீற்றுத் தூண், அதைச் சுற்றிச் சுருளாக இறங்கும் தண்ணீர். நகரவாசிகள் பலர் அதை அவலட்சணம் என்று முறைப்பட்டார்கள். ஆண்டுகள் போகத் தண்ணீரின் சுண்ணாம்பு கல்லாகப் படிந்தது, பாசியும் செடிகளும் முளைத்தன. குளிர்காலத்தில் பனிக்கட்டி போர்த்துக்கொள்கிறது. செய்தவர் 1985 நவம்பரில் இறந்துவிட்டார். சிற்பம் இன்னும் தன் உருவத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது. சுவிசில் வாழும் நமது தங்கைமார் அந்த வழியால் போகும்போது ஒரு நிமிடம் நின்று பார்க்கவேண்டும்.

ஒப்பன்ஹைம் மட்டும்தான் என்று நினைக்கவேண்டாம். புவனஸ் அயர்சில் பிறந்து லண்டனில் வாழ்ந்த ஐலீன் ஏகர், மனிதத் தலையொன்றின் சாந்து வார்ப்பைப் பட்டுத்துணி, இறகு, சிப்பி, மணிகளால் மூடிக் கண்ணைக் கட்டிய உருவமாக்கினார். மீன் சூப் குடிக்கும்போது அணிவதற்கென்று தக்கைக் கூடையொன்றில் மீன்வலையும் நட்சத்திர மீனும் வைத்து ஒரு தொப்பியும் செய்தார். 1948 இல் அதைத் தலையில் வைத்துக்கொண்டு லண்டன் தெருவில் நடந்தார். அந்த நடையின் படச்சுருள் இன்றும் இருக்கிறது. பார்த்தால் சிரிப்பு அடங்காது.

நமக்கும் இந்தக் கலைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு ஜாம் போத்தல் விளக்கைப் பற்றி விளக்கத் தேவையில்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். நமது கையிலும் ஒரு பொருள் இன்னொரு பொருளாயிற்று. ஆனால் திசை எதிரானது. பரிசில் பயனுள்ள பொருளின் பயனைப் பறித்தார்கள். நாமோ பயனற்றதாய்க் கிடந்ததற்குப் பயன் கொடுத்தோம். அவர்களுடையது மறுப்பு, நம்முடையது பிழைப்பு. இரண்டையும் ஒன்றென்று சொன்னால் இரண்டுக்கும் அநீதி. என்றாலும் இரண்டுக்கும் அடியில் ஒரே திறமை இருக்கிறது. கையிலிருக்கும் பொருள் வேறென்னவாக இருக்கக்கூடும் என்று கேட்கும் திறமை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், போர்க்காலத்தில் நமது மக்கள் பொருள்களைக் கொண்டு வாழ்ந்த விதத்தைப் பழைய நூலக அட்டைப் பெட்டகத்தின் வடிவில் கலைப்படைப்பாக்கியிருக்கிறார். ஜாம் போத்தலும் பார்க்கப்படவேண்டிய பொருள் என்பதை நமக்குள் இருந்தே ஒருவர் காட்டியிருப்பது மகிழ்ச்சி.

நாங்கள் சொல்லவந்தது ஒன்றுதான். பயன் என்பது ஓர் அளவுகோல். அது மட்டுமே அளவுகோல் அல்ல. நம்மைப் பயனுள்ள பெண்களாக வளர்த்தார்கள். வைத்தியர்களாக, ஆசிரியைகளாக, கணக்காளர்களாக, வீட்டைத் தாங்கும் தூண்களாக ஆனோம். அதற்கு நன்றி. ஆனால் எதற்கும் உதவாதது என்று சித்திரத்தை விடச்சொல்லி எத்தனை பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லப்படுகிறது! உதவாத ஒரு கோப்பை தொண்ணூறு ஆண்டுக்கு அதிகமாகப் பெண்ணின் இடத்தைப் பற்றி உலகத்தைப் பேசவைக்கப் போகிறது.

1972 இல் ஒப்பன்ஹைம் தன் கோப்பையை வைத்தே ஒரு பகிடி செய்தார். கோவில் வீதியிலும் சுற்றுலாத் தலத்திலும் விற்கும் மலிவான ஞாபகப் பொருள்போல, உரோமக் கோப்பையின் சிறு வடிவத்தைச் செயற்கைப் பூக்களோடு கண்ணாடிக்குள் அடைத்து, அதற்கு அந்தக் கோப்பையின் 'ஞாபகச் சின்னம்' என்று பெயர் வைத்தார். நீங்கள் என்னை இப்படித்தானே வைத்திருக்கிறீர்கள் என்று உலகத்துக்குச் சொன்னதுபோல இருந்தது. நாமும் ஒரு ஞாபக மலரை வெளியிடுகிறோம். அதில் ஒவ்வொருவரையும் ஒரு பதவியாலோ ஒரு பரிசாலோ யாருடைய மனைவி என்பதாலோ மட்டும் பதிந்துவிடக்கூடாது. நாற்பது வயதுக்குப் பின் தூரிகையை மீண்டும் எடுத்தவர்களுக்கும் அதில் ஒரு பக்கம் இருக்கட்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நிதித் திட்டத்தில் ஆய்வுகூடமும் கணினி அறையும் வலைப்பந்தாட்டத் திடலும் இருக்கின்றன. அவற்றில் ஒரு ரூபாவையும் குறைக்கச் சொல்லவில்லை. சித்திர அறைக்கு ஒரு நீண்ட மேசையும் கதவுள்ள ஓர் அலுமாரியும் வேண்டும். செலவை எங்கள் வகுப்பு ஏற்றுக்கொள்கிறது. அலுமாரியை நிரப்பும் பொறுப்பு உங்களுடையது. உடைந்த மணிக்கூடு, கைபிடி போன அகப்பை, ஒற்றைச் சப்பாத்து, பழைய தையல் இயந்திரத்தின் சில்லு, வெளிநாட்டு வீட்டில் பூட்டுத் தொலைந்த திறப்பு, எதுவானாலும் ஆளுக்கு ஒன்று அனுப்புங்கள். அதை வைத்து என்ன செய்வது என்று ஒருவரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். அவர்களே கண்டுபிடிப்பார்கள்.